முன்பாரம், பின்பாரம்: பாக் கடல் பாய்மரப் படகு சொல்லும் பாடம்



சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் பள்ளி மாணவன் ஒருவன் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். விடுமுறை நாட்களில் சின்னப் பாய்மரப் படகு ஓட்டப் பழகுகிறானாம். "பயிற்சியாளர் நிமிடத்துக்கு ஒரு தரம் முன்னே நகரு, பின்னே நகரு, வெளியே சாய் என்கிறார். படகை ஓட்டுவது காற்று. நான் எங்கே உட்கார்ந்தால் என்ன, சார்?"

நல்ல கேள்வி. வானம் பார்த்த பூமியில் பிறந்த நமக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். பதில் நம் ஊர் மாட்டு வண்டியில் இருந்தே தொடங்குகிறது.

உங்கள் தாத்தாமார் வண்டியில் பருத்திப் பொதி ஏற்றியதைக் கேட்டுப் பாருங்கள். பாரம் முன்னால் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். அது முன்பாரம். பின்னால் கூடினால் நுகத்தடி மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அது பின்பாரம். நல்ல வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒரு மூடையை ஒரு சாண் நகர்த்துவார். மொத்த எடை மாறவில்லை; எடை இருக்கும் இடம்தான் மாறியது. மாட்டுக்கு அதுவே பாதிப் பாரம் குறைந்த மாதிரி.

படகிலும் இதேதான். ஆட்கள் பின்னால் கூடி உட்கார்ந்தால் படகின் பின்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்து, தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டே போகும். வேகம் செத்துவிடும். முன்னால் கூடினால் அணியம், அதாவது படகின் மூக்கு, அலைக்குள் குத்தும். ஆகவே காற்று மெதுவாக இருக்கும்போது சற்று முன்னே நகர வேண்டும். பலமாக அடிக்கும்போது சற்றுப் பின்னே வர வேண்டும். கனமான சாமான்களைப் படகின் நடுவில், அடியில் வைத்துக் கட்ட வேண்டும். படகுக்குள் தேங்கும் தண்ணீரை உடனுக்குடன் இறைக்க வேண்டும். ஏனென்றால் படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே அந்தத் தண்ணீரும் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும்.

அடுத்தது பக்கவாட்டுச் சமநிலை. பாயில் காற்று அடிக்கும்போது படகு ஒரு பக்கம் சாயும். சாய்ந்த படகு நேராகப் போகாமல் காற்று வரும் திசைக்கே திரும்பப் பார்க்கும். அதைச் சுக்கானால் அடக்கினால், சுக்கானே தண்ணீரைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். ஆகவே காற்று வரும் பக்கத்தில் எடை வைத்துப் படகை நிமிர்த்த வேண்டும். எவ்வளவு எடை என்பதோடு, நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்பதும் முக்கியம். ஏழாம் வகுப்பில் நெம்புகோல் நடத்தியது நினைவிருக்கிறதா? கிணற்று ஏற்றத்தில் மரத்தின் மேல் ஆள் முன்னும் பின்னும் நடப்பார். ஆளின் எடை ஒன்றுதான். அவர் நிற்கும் இடம் மாறுவதால் சால் இறங்கும், ஏறும். அந்த ஏற்றத்தைக் கடலில் ஒரு படகின் குறுக்கே வைத்துக் கற்பனை செய்யுங்கள். இனி நான் சொல்லப்போகும் படகு உங்களுக்கு எளிதில் புரியும்.

கோடியக்கரையிலிருந்து இராமேசுவரம் வரை உள்ள பாக் கடல் ஆழம் குறைந்தது. பல இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டாது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கத்துக் கழிமுகங்கள் அதைவிட ஆழமற்றவை. இங்கே ஓடியது வத்தை என்ற மீன்பிடிப் படகு. தட்டையான அடி, பெட்டி போன்ற உடல், மூன்று பாய்மரங்கள். மேல்நாட்டுப் பாய்க்கப்பல்களில் சாயாமல் இருக்க அடியில் கனத்தை வைப்பார்கள். ஆழமற்ற கடலில் அடி நீண்ட படகு தரைதட்டும். கனத்தை உள்ளே அடுக்கினால் படகு அமிழும். மீனுக்கு இடமும் இருக்காது. அப்படியானால் இவ்வளவு பாயைத் தாங்குவது எப்படி?

நம் மீனவர்கள் படகின் குறுக்கே ஒரு நீளப் பலகையைப் போட்டார்கள். அதன் ஒரு முனை காற்று வரும் பக்கம் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று ஏற ஏற ஆட்கள் அதில் வெளியே நகர்ந்து உட்காருவார்கள். காற்று தணிந்தால் உள்ளே வருவார்கள். படகு திசை மாறினால் பலகையும் மறுபக்கம் மாறும். வேண்டும்போது கூடி, வேண்டாதபோது குறைகிற பாரம் இது. வலை இழுக்க எப்படியும் ஆள் வேண்டும். அந்த ஆளே படகுக்குச் சமன் எடையும் ஆனார்.

இதை எழுத்தில் பதிந்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்தவர். இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920இல் ஆசியச் சங்கத்தின் வெளியீடாக வந்த அவருடைய ஆய்வு இன்றும் படிக்கப்படுகிறது. பிறகு 1990களில் ஷான் மக்ரெயில், லூசி புளூ, எரிக் கென்ட்லி ஆகியோர் வத்தையை அளந்து, கட்டும் முறையோடு எழுதி வெளியிட்டார்கள். வரைபடத் தாள் பார்க்காமல், பரம்பரை அளவுக் கணக்கில் சட்டங்களை முதலில் நிறுத்தி அதன் மேல் பலகை அறைகிறார்கள் என்பது அவர்களைக் கவர்ந்த செய்தி.

பாக் நீரிணைக்கு அப்பால் இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் சிங்கள மீனவர்களின் 'ஒருவ' என்ற படகு உண்டு. ஒரு பக்கம் மட்டும் மிதவைக் கட்டை கட்டியது. அந்தக் கட்டை எப்போதும் காற்று வரும் பக்கமே இருக்கும்படி, முன்னும் பின்னும் ஒரே மாதிரி செய்த படகு அது. காற்று கூடும்போது ஆட்கள் கட்டையைப் பிணைக்கும் கழிகளில் ஏறி வெளியே போவார்கள். இன்று ஓர் ஆள் காற்று, இரண்டு ஆள் காற்று என்று காற்றையே ஆள் கணக்கில் அளந்தார்கள் என 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். கருவி இல்லாத காலத்தில் இதைவிடத் தெளிவான அளவு என்ன இருக்க முடியும்!

மேல்நாட்டிலும் இந்த யோசனை பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்கச் சிறுபடகுக்காரர்கள் பக்கவாட்டில் நகரும் இருக்கைப் பலகையைப் பயன்படுத்தினார்கள். 1938இல் இங்கிலாந்தில் பீட்டர் ஸ்காட், ஜான் வின்டர் இருவரும் பாய்மரத்திலிருந்து வரும் கம்பியில் உடலைத் தொங்கவிட்டு, படகுக்கு வெளியே நின்றபடி ஓட்டி, வேல்ஸ் இளவரசர் கோப்பையை வென்றார்கள். இது முறையற்ற அனுகூலம் என்று அதை உடனே தடை செய்தார்கள், பிற்பாடு அனுமதித்தார்கள். தென்துருவப் பயணி கேப்டன் ஸ்காட்டின் மகன்தான் இந்தப் பீட்டர். உலக வனவிலங்கு நிதியத்தின் பாண்டா சின்னமும் இவர் வரைந்ததே.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையைச் சேர்ந்த கணபதியும் வருண் தக்கரும் '49இஆர்' வகைப் படகில் இருவருமே கம்பியில் தொங்கிப் போட்டியிட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணனும் சென்னைதான். அவருடைய படகில் கம்பி கிடையாது. படகுக்குள் உள்ள பட்டையில் கால்களை மாட்டி, உடலை வெளியே சாய்த்தே நிமிர்த்த வேண்டும். அதிராம்பட்டினத்து மீனவர் பிழைப்புக்குச் செய்ததை இவர்கள் விளையாட்டில் செய்கிறார்கள்.

யாரைப் பார்த்து யார் கற்றார் என்ற சண்டை எனக்கு இல்லை. ஆனால் ஒரு வருத்தம் உண்டு. 1938இல் கம்பியில் தொங்கியவர்களின் பெயர் இருக்கிறது. முதன்முதலில் பலகையைக் குறுக்கே போட்டு அதன் நுனிக்கு நகர்ந்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இயந்திரம் வந்தது, கண்ணாடியிழைப் படகு வந்தது, பாய் இறங்கியது. இயந்திரம் பிழைப்பை எளிதாக்கியது. அதைக் குறை சொல்ல நான் யார்? என்றாலும் படகின் சாய்வை உட்காரும் இடத்திலேயே உணரும் அறிவு, அந்தத் தலைமுறையோடு போய்க்கொண்டிருக்கிறது.

அந்த அறிவு நமக்கு எதற்கு என்கிறீர்களா? 2009 செப்டம்பர் 30 மாலை, இராஜபாளையம் மலைக்கு அந்தப்புறம் உள்ள தேக்கடியில் இரண்டு தளச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகள் தெரிந்ததும் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டார்கள். படகின் அமைப்பிலேயே நிலைப்புத் தன்மை போதாது என்பதும் பின்னர் பேசப்பட்டது. குறை படகில் இருந்தால் அது செய்தவர், ஓட்டியவர் பொறுப்பு. ஆனால் மேல் தளத்தில் எழுந்து நிற்கும் ஒவ்வொருவரும் படகின் எடையை உயரத்துக்குக் கொண்டுபோகிறார் என்பதை யாராவது அந்தப் பயணிகளுக்குச் சொல்லியிருக்கிறார்களா? வத்தைக்காரர் எப்போது எங்கே நகர வேண்டும் என்று அறிந்து நகர்ந்தார். நம் கூட்டம் எதையும் அறியாமல் நகர்ந்தது.

கோடை விடுமுறை வரப்போகிறது. தேக்கடி, கொடைக்கானல், பிச்சாவரம் என்று கிளம்புவீர்கள். உயிர்காப்பு உடை மாட்டாமல் படகில் ஏறாதீர்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றினால் இறங்கிவிடுங்கள்; பணம் போனால் போகட்டும். ஏறியதும் கீழே, நடுவில், இரு பக்கமும் சமமாக உட்காருங்கள். யானையே வந்தாலும் எழுந்து ஓடாதீர்கள், இருந்த இடத்திலிருந்தே பாருங்கள். படகு சாய்ந்தால் எல்லோரும் மறுபக்கம் பாயாமல், அப்படியே தாழ்ந்து உட்காருங்கள். பிள்ளைகளுக்குக் காரணத்தோடு சொல்லுங்கள்; காரணம் தெரிந்த பிள்ளை மறக்காது.

உங்களில் யாருக்காவது இராமநாதபுரம், தஞ்சாவூர்க் கடற்கரையில் சொந்தபந்தம் இருந்தால், வத்தையில் பாய் விரித்துப் போன பெரியவர்களிடம் அந்தப் பலகையை என்ன பெயரிட்டு அழைத்தார்கள், அதில் எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அவர் பெயரையும் ஊரையும் அவர் சம்மதத்தோடு சேர்த்தே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்