டேப்லெட் கணினி

தொடுதிரையையே முகமாகக் கொண்ட, கையில் ஏந்திப் பயன்படுத்தும் தட்டையான கணினி. திரை, பேட்டரி, சிப் எல்லாம் ஒரு மெல்லிய பலகைக்குள் அடங்க வேண்டும் என்பதால், ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தே ஆக வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்று ஒவ்வொரு நிறுவனமும் எடுத்த முடிவே இதன் வரலாறு.

1972-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆலன் கே, குழந்தைகளுக்காக 'டைனாபுக்' என்ற கணினியைத் தாளில் வடிவமைத்தார். நோட்டுப் புத்தக அளவு, நான்கு பவுண்டுக்குள் எடை, 500 டாலர் விலை என்பவை அவர் வைத்த இலக்குகள். அதற்கேற்ற திரையும் சிப்பும் அன்று இல்லை. கிரிட்பேட் (1989), ஆப்பிளின் நியூட்டன் (1993) ஆகியவை பேனாவால் எழுதும் கருவிகளாக வந்து போயின.

2002 நவம்பரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் எக்ஸ்பியின் டேப்லெட் பதிப்பை வெளியிட்டது. மேசைக் கணினிக்கென எழுதப்பட்ட மென்பொருள்கள் அப்படியே அதில் ஓடின. பலமும் அதுதான், சுமையும் அதுதான். மவுஸுக்காக வரைந்த சின்னஞ்சிறு பொத்தான்களை அழுத்தத் தனிப் பேனா வேண்டியிருந்தது. லேப்டாப்பின் உறுப்புகளையே சுமந்ததால் பல கருவிகளின் எடை ஒரு கிலோவைத் தாண்டியது. நின்றுகொண்டே ஒரு கையில் பிடித்து எழுத முடியாத டேப்லெட்டுக்குச் சந்தை திறக்கவில்லை.

2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்த ஆப்பிளின் ஐபேட் எதிர்த்திசையில் போனது. மேசைக் கணினி மென்பொருளைக் கைவிட்டு, ஐபோனின் மென்பொருளை எடுத்துக்கொண்டது. கேமரா இல்லை, யுஎஸ்பி துளை இல்லை, ஃபிளாஷ் காணொளி ஓடாது. கைம்மாறாக 680 கிராம் எடை, பத்து மணி நேர பேட்டரி, 499 டாலர் ஆரம்ப விலை. இருபத்தெட்டு நாளில் பத்து லட்சம் விற்றது.

இந்த இழுபறி மிகத் தெளிவாகத் தெரிவது 2012-இன் மூன்றாம் ஐபேடில். அதே 9.7 அங்குலத் திரையில் பிக்சல்களை நான்கு மடங்காக்கினார்கள். பிக்சல் சிறுக்கச் சிறுக்க, அதை இயக்கும் டிரான்சிஸ்டரும் கம்பிகளும் ஒளி செல்லும் இடத்தை அடைத்துக்கொள்ளும். திரை மங்காமலிருக்கப் பின்விளக்கின் வெளிச்சத்தைக் கூட்ட வேண்டும். அது மின்சாரத்தைக் குடிக்கும். பேட்டரி 25 வாட்மணியிலிருந்து 42.5 வாட்மணிக்கு ஏறியும் பத்து மணி நேரம் பத்து மணி நேரமாகவே நின்றது. முந்தைய மாதிரியைவிடக் கருவி தடித்தது, 50 கிராம் கூடியது. எழுத்துகள் அச்சிட்டதுபோல் துல்லியமாகத் தெரிந்ததால் அந்த விலை தகும் என்றே சொல்ல வேண்டும். மறு ஆண்டு ஐபேட் ஏர், சிறிய பேட்டரியோடு 469 கிராமுக்கு இறங்கியது.

போட்டியாளர்களில் எச்பி, அதே 499 டாலருக்கு ஐபேடைவிடக் கனமான டச்பேடை 2011 ஜூலையில் இறக்கி, ஏழு வாரத்தில் கைவிட்டது. மிச்சம் 99 டாலருக்குத் தள்ளுபடியில் போனது. சாம்சங்கின் ஏழு அங்குல கேலக்ஸி டேப் போன்ற சிறிய திரைகள் விரலுக்குப் போதாது என்று ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இல் அடித்துச் சொன்னார். ஆனால் அமேசான் 2011-இல் கேமராவும் மைக்கும் இல்லாத ஏழு அங்குல கிண்டில் ஃபயரை 199 டாலருக்கு விற்றது. கருவியில் லாபம் பார்க்காமல், அதில் வாங்கும் புத்தகத்திலும் படத்திலும் பார்ப்பது அதன் கணக்கு. 2012 இறுதியில் ஆப்பிளே 7.9 அங்குல ஐபேட் மினியைக் கொண்டுவந்தது. அதே பருவத்தில் வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் ஆர்டியில் பழைய விண்டோஸ் மென்பொருள்கள் ஓடவில்லை. 90 கோடி டாலர் நட்டக்கணக்கில் எழுதப்பட்டது.

இந்திய அரசு மாணவர்களுக்காக 2011 அக்டோபரில் அறிமுகப்படுத்திய ஆகாஷின் விலை சுமார் 2,250 ரூபாய். விலைக்காக அழுத்தத்தால் இயங்கும் மலிவான தொடுதிரையையும் 366 மெகாஹெர்ட்ஸ் சிப்பையும் வைத்தார்கள். விரலை வருடினால் போதாது, ஊன்றி அழுத்த வேண்டும். பாடம் படிக்கும் பிள்ளைக்குக் குறைக்கக் கூடாதது திரைதான், அங்கேதான் குறைத்தார்கள். அடுத்த ஆண்டின் ஆகாஷ்-2, ஏறக்குறைய அதே விலையில், விரலின் மின்னூட்டத்தை உணரும் திரையோடும் ஒரு கிகாஹெர்ட்ஸ் சிப்போடும் வந்தது.

2015-இல் 12.9 அங்குல ஐபேட் புரோ வந்த பிறகு போட்டி மறுபடியும் பேனாவுக்கும் விசைப்பலகைக்கும் திரும்பியது. 2024-இன் 13 அங்குல மாதிரி 5.1 மில்லிமீட்டர் தடிமன்தான். விசைப்பலகையை மாட்டினால் ஒரு கிலோவைத் தாண்டுகிறது. சாம்சங் தன் உயர்விலை டேப்லெட்டுகளோடு பேனாவைப் பெட்டியிலேயே தருகிறது. ஆப்பிள் தனியாக விற்கிறது.