நகைப் பெட்டிக்குள் ஒரு சோப்பு: பெங்களூரும் விளம்பர உளவியலின் வரலாறும்

விளம்பர உளவியலின் வரலாறு பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே தொடங்கிச் சொல்லப்படுகிறது. வால்டர் டில் ஸ்காட் 1903-இல் விளம்பரக் கோட்பாடு குறித்த தம் நூலை வெளியிட்டார். நுகர்வோர் வாதங்களை எடைபோட்டு வாங்குவதைவிடக் கருத்தேற்றத்துக்கு ஆட்பட்டு வாங்குவதே மிகுதி என்பது அவருடைய நிலைப்பாடு. நடத்தையியலின் முன்னோடியான ஜான் பி. வாட்சன், பல்கலைக்கழகப் பணியை இழந்தபின் 1920-இல் ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். 1924-இல் அதன் துணைத்தலைவர்களுள் ஒருவரானார். அந்நிறுவனம் 1929-இல் பம்பாயில் கிளை திறந்தது. இந்த வரிசையை மட்டும் பார்த்தால், மனத்தை அறிந்து விற்கும் கலை இந்தியாவுக்குக் கப்பலேறி வந்த சரக்கு என்றே தோன்றும். பெங்களூரில் பிறந்த மைசூர் சாண்டல் சோப்பின் வரலாறு அந்த முடிவை எளிதில் ஏற்கவிடுவதில்லை.

முதல் உலகப் போருக்கு முன் மைசூர் சமஸ்தானத்தின் சந்தனக் கட்டை ஐரோப்பாவுக்கு, சிறப்பாக ஜெர்மனிக்கு, ஏற்றுமதியாகி அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டது. 1914-இல் போர் மூண்டதும் அந்தச் சந்தை அடைபட்டது. கிடங்குகளில் கட்டை தேங்கியது. மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் திவான் மோ. விசுவேசுவரய்யாவும் எண்ணெயை உள்நாட்டிலேயே வடிக்க முடிவு செய்தனர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வேதியியலாளர்களான ஜே. ஜே. சட்பரோவும் எச். இ. வாட்சனும் வடிப்பு முறையை வகுத்துத் தந்தனர். 1916-இல் மைசூரில் எண்ணெய் ஆலை தொடங்கியது. அதனைத் தொடர்ந்து பெங்களூரில் அரசு சோப்புத் தொழிற்சாலை உருவாயிற்று. ஆக, சந்தன சோப்பு எந்த நுகர்வோரின் தேவையிலிருந்தும் பிறக்கவில்லை. விற்க வழியற்றுப் போன ஓர் அரசின் இருப்பிலிருந்து பிறந்தது. தேவையைப் பின்னரே உண்டாக்க வேண்டியிருந்தது.

அந்தப் பொறுப்பு தொழில்துறை வேதியியலாளர் சோசலே கரளபுரி சாஸ்திரியின் கைக்கு வந்தது. விசுவேசுவரய்யாவால் இங்கிலாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்பப்பட்டவர் அவர். சோப்பு என்றால் செங்கல் போன்ற கட்டி என்றிருந்த காலத்தில் அவர் முட்டை வடிவத்தைத் தேர்ந்தார். கட்டியை மெல்லிய தாளில் சுற்றினார். நகைக்கடையில் ஆபரணங்களைச் சுற்றித் தரும் தாளை ஒத்தது அது. பூவேலைப்பாடு அச்சிட்ட பெட்டியும் நகைப் பெட்டியின் சாயலில் அமைந்தது. சின்னமாகச் சிங்க உடலும் யானைத் தலையும் கொண்ட சரபம் பொறிக்கப்பட்டது. தமிழகக் கோயில் தூண்களில் யானைமுக யாளியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அயலானதன்று.

இவற்றில் ஒன்றுகூடச் சொல்லால் ஆன வாதமில்லை. ஆயினும் ஒவ்வொன்றும் ஒரு கூற்று. தாளைப் பிரிக்கும் விரல் ஏற்கெனவே அறிந்த ஒரு செயலை மீண்டும் செய்கிறது: திருமணத்துக்கு வாங்கிய நகையைப் பிரித்துப் பார்க்கும் செயல். பெட்டி திறந்ததும் எழும் மணம் பந்தல் வாசலில் நீட்டப்படும் சந்தனக் கிண்ணத்தையும் கோயில் கருவறையையும் மனத்துக்குக் கொண்டுவருகிறது. புதிய பொருளைப் பழைய உணர்வோடு பிணைப்பதையே உளவியல் இணைவு என்கிறது. வாட்சன் அதை ஆய்வகத்தில் ஒரு குழந்தையின் அச்சத்தைக் கொண்டு மெய்ப்பிக்க முயன்றார். அந்த ஆய்வு 1920-இல் வெளியாயிற்று. மைசூர்ப் பல்கலைக்கழகத்திலோ, இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்ற எம். வி. கோபாலசுவாமியின் தலைமையில் உளவியல் துறை அமைந்ததே 1924-இல்தான். சமஸ்தானத்தில் உளவியல் பாடமாவதற்கு முன்பே அதன் கைவினை சோப்புப் பெட்டியில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

அதே ஆண்டுகளின் அமெரிக்க விளம்பர உரை வேறு திசையில் சென்றது. 1919-இல் தாம்சன் நிறுவனத்தின் ஜேம்ஸ் யங், ஓடோரோனோ என்னும் வியர்வைத் தடுப்பு மருந்துக்கு எழுதிய விளம்பரம், பெண்ணின் உடல்நாற்றத்தை அவள் அறியாமலே பிறர் முகஞ்சுளிக்கும் அவமானமாகச் சித்திரித்தது. மகளிர் இதழ் ஒன்றின் வாசகியர் ஏறத்தாழ 200 பேர் சினந்து சந்தாவை நிறுத்தினர். விற்பனையோ ஓராண்டில் இருமடங்குக்கு மேல் உயர்ந்தது. இல்லாத ஒரு கவலையை விதைத்து, அதற்கு மருந்து விற்கும் முறை அது. மைசூரின் முறை இருந்த ஒரு மதிப்பை இடம் மாற்றி விற்பது. ஒன்று அச்சத்தின் உளவியல். மற்றொன்று மங்கலத்தின் உளவியல்.

விளம்பரம் சென்ற வழிகளும் இதற்கு இசைந்தவையே. நியான் பலகைகள், டிராம் பயணச்சீட்டுகள், தீப்பெட்டிகள் ஆகியவற்றில் சோப்புப் பெட்டியின் படம் இடம்பெற்றது. கராச்சியில் ஒட்டக ஊர்வலமே நடத்தப்பட்டது. பயணச்சீட்டிலும் தீப்பெட்டியிலும் வாதம் எழுத இடமில்லை; படமும் பெயரும் மட்டுமே கொள்ளும். பெங்களூரில் டிராம் ஓடியதில்லை என்பதும் கருதத்தக்கது. இந்த விளம்பரம் நோக்கியது சமஸ்தானத்துக்கு வெளியே இருந்த பெருநகரங்களின் அன்றாடப் பயணியை. ஒரு நாளில் பலமுறை கைக்கு வரும் பொருளில் ஒரே படம் திரும்பத் திரும்பத் தென்படும்போது பழக்கம் நம்பிக்கையாக மாறுகிறது.

சொல் வந்த இடத்தில் அது 'தூய்மை' என்னும் சொல்லாக வந்தது. விலங்குக் கொழுப்புப் பற்றிய ஐயம் இந்தியச் சோப்புச் சந்தையில் வலுவாக இருந்த காலம் அது. கோத்ரெஜ் நிறுவனம் தாவர எண்ணெயை முன்னிறுத்தி அதற்கு விடை சொன்னது. மைசூர் சோப்பின் விடை தூய சந்தன எண்ணெய். இக்கூற்றின் இலக்கணம் நுட்பமானது. 'தூய' என்னும் அடைமொழி எண்ணெயைச் சுட்டுகிறது. கேட்பவர் மனமோ அதைக் கட்டி முழுவதற்கும் நீட்டிக்கொள்கிறது. எந்தச் சோப்பையும் போல இதன் பெரும்பகுதியும் காரத்தோடு வினைபுரிந்த கொழுப்பெண்ணெய்களே. கூற்று பொய்யன்று, அதை விரித்துப் பொருள்கொள்ளும் வேலையை வாசகரிடமே ஒப்படைத்திருக்கிறது. திறமான விளம்பர உரை பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகிறது.

ஆனால் இணைவு தேர்ந்தெடுத்தே செயல்படுகிறது. கோயிலும் நகையும் பெட்டிக்குள் வந்தன. மரம் வளர்ந்த நிலம் வரவில்லை. 1792-இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார் என்பது மரபு வழிச் செய்தி. பின்வந்த அரசுகள் அந்த ஏகபோகத்தைக் கைவிடவில்லை. நிலம் உழவருடையதாயினும் அதில் முளைத்த சந்தனம் அரசுடையது. அதைக் காக்கும் சுமை மட்டும் உழவருடையது. இதனால் பலர் கன்றை வளரவிடாமல் பிடுங்கி எறிந்தனர். கர்நாடகம் 2001-இல் சட்டத்தைத் திருத்தி நிலவுரிமையாளருக்கு மரத்தின் உரிமையை வழங்குவதற்குள் இயற்கைச் சந்தனக் காடுகள் பெருமளவு சுருங்கிவிட்டன. வாங்குவோரின் வீட்டில் மங்கலத்தின் குறியாகிய அதே மரம், வளர்க்கக்கூடிய உழவரின் வயலில் அச்சத்தின் குறியாக இருந்தது.

1980-இல் தொழிற்சாலை கர்நாடகச் சோப்பு மற்றும் சலவைப்பொருள் நிறுவனமாக மாறியது. உரிமை இன்றும் மாநில அரசிடமே உள்ளது. 2025 மே மாதம் நடிகை தமன்னாவை 6.2 கோடி ரூபாய்க்கு விளம்பரத் தூதராக அமர்த்தியபோது, கன்னடர் ஒருவரை ஏன் தேர்ந்தெடுக்கவில்லை என்ற கேள்வி எழுந்தது. கர்நாடகத்துக்கு வெளியே சந்தையை விரிக்கவே இந்தத் தேர்வு என்று அரசுத் தரப்பு விடையளித்தது. விவாதம் முழுவதும் முகத்தைப் பற்றியே நடந்தது. மரத்தைப் பற்றியோ அதை வளர்த்திருக்கக்கூடிய உழவரைப் பற்றியோ எழவில்லை. நூறாண்டுக்கு முன் பெட்டி செய்த வேலையின் வெற்றிக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

விளம்பர உரையை ஆராயும் மாணவர் அது எதை நினைவூட்டுகிறது என்று கேட்பது வழக்கம். எதை மறக்கச் செய்கிறது என்ற கேள்வியும் அதனுடன் சேரும்போதுதான் விளம்பர வரலாறு சமூக வரலாறாகிறது. அதற்கான ஆவணங்கள் விளம்பர நிறுவனங்களின் கோப்புகளோடு நின்றுவிடுவதில்லை. வனத்துறையின் வழக்குப் பதிவுகளிலும் இருக்கின்றன.