எட்டுக்கு எட்டு: ஒரு படம் எதை மறக்கிறது?

வருடிக் கணினிக்குள் ஏற்றிய முதல் புகைப்படத்தில் இருப்பது ஒரு கைக்குழந்தை. பெயர் வால்டன். வயது மூன்று மாதம். 1957-இல் அமெரிக்காவின் நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸில் வேலை பார்த்த ரஸ்ஸல் கிர்ஷ், தன் மகனின் புகைப்படத்தை ஓர் உருளையில் சுற்றிச் சுழலவிட்டு, வெளிச்சம் திரும்பி வரும் இடம், வராத இடம் என்று பிரித்து, சீயாக் என்ற கணினிக்குள் ஏற்றினார். பக்கத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் உள்ள சதுரப் படம். நீளத்தில் 176 புள்ளி, அகலத்தில் 176 புள்ளி. பெருக்கினால் 30,976. அதற்கு மேல் வைக்க அந்தக் கணினியில் இடமில்லை.

ஒவ்வொரு புள்ளியிடமும் ஒரே ஒரு கேள்விதான்: கறுப்பா, வெள்ளையா? ஒரு பிட். சாம்பல் என்று ஒன்று கிடையாது. அப்படியானால் குழந்தையின் கன்னத்தில் விழும் மெல்லிய நிழலை எப்படிக் காட்டுவது? கிர்ஷின் குழு அதே படத்தைப் பல தடவை வருடியது. ஒவ்வொரு தடவையும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள எல்லையை மாற்றியது. எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்தபோது சாம்பல் வந்தது.

மீடியா டிசைன் வகுப்பில் நான் இந்தப் படத்திலிருந்துதான் ஆரம்பிப்பேன். பிக்சல், ரெசல்யூஷன், பிட் டெப்த் என்று பாடத்திட்டத்தில் தனித்தனித் தலைப்பாக வருவதெல்லாம் இந்த ஒரு படத்திலேயே இருக்கு. பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு கேள்வியும் கூடவே இருக்கு: இடம் போதாதபோது எதை வச்சுக்கறது, எதை விட்டுடறது? டிஜிட்டல் படத்தின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு ஆட்கள் சொன்ன பதில்களின் வரலாறுதான்.

முதலில் வன்பொருள் சொன்ன பதிலைப் பார்க்கலாம்.

திரையில் ஒரு படம் அசையாமல் நிற்பதாகத்தான் நமக்குத் தோன்றும். உண்மையில் அது நொடிக்குப் பல பத்துத் தடவை புதிதாக வரையப்பட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எந்தப் புள்ளிக்கு எந்த நிறம் என்று எங்கிருந்தாவது படித்தாக வேண்டும். அந்தக் கணக்கை வைத்திருக்கும் நினைவகத்துக்குப் பெயர் ஃப்ரேம் பஃபர். இன்று கிராபிக்ஸ் கார்டில் விரேம் என்று சொல்கிறோமே, அதன் ஆதி வேலை இதுதான்.

1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் அப்படி ஒன்றைக் கட்டினார். பெயர் சூப்பர்பெயின்ட். 640-க்கு 486 புள்ளி, புள்ளிக்கு எட்டு பிட், அதாவது 256 நிறம். மொத்தம் 3,11,040 பைட். இந்தச் சின்ன நினைவகம் பதினாறு சர்க்யூட் போர்டுகளில் பரவியிருந்தது. கையால் வரையலாம், வீடியோவிலிருந்து படம் பிடிக்கலாம், நிறத்தை மாற்றலாம். இன்றைய பெயின்ட் மென்பொருள்களில் உள்ள பல விஷயங்கள் அதிலேயே இருந்தன. 1974-இல் அங்கே வந்து சேர்ந்த ஆல்வி ரே ஸ்மித் அதிலேயே மூழ்கிப்போனார். ஆனால் ஜெராக்ஸின் கவனம் அலுவலகத்தின் மேல் இருந்தது. அலுவலகம் என்றால் கறுப்பு வெள்ளை. வண்ணம் வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள், 1975-இல் ஸ்மித்துக்கு வேலை போனது.

அவர் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜிக்குப் போனார். அங்கே எட்வின் கேட்மல் இருந்தார். ஒவ்வொன்றும் பல்லாயிரம் டாலர் விலையுள்ள ஃப்ரேம் பஃபர்களில் மூன்றைச் சேர்த்து, சிவப்புக்கு எட்டு பிட், பச்சைக்கு எட்டு, நீலத்துக்கு எட்டு என்று 24 பிட் ஆக்கினார்கள். 1,67,77,216 நிறங்கள். 1977 வாக்கில் இருவரும் நான்காவதாக ஒரு தகவலையும் புள்ளியோடு சேர்த்தார்கள்: இந்தப் புள்ளி எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும்? அதுதான் ஆல்ஃபா சானல். போட்டோஷாப்பில் பின்னணியை வெட்டி எடுத்துவிட்டு ஒரு முகத்தை வேறு படத்தின்மேல் வைக்கும் ஒவ்வொருவரும் அந்த நான்காவது தகவலைத்தான் பயன்படுத்துகிறோம். பின்னாளில் இந்த இருவரும் பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அடங்குவர்.

ஆய்வகத்தில் கோடி நிறம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததா? 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏவில் இருந்த நினைவகம் 256 கிலோபைட், அதாவது 2,62,144 பைட். பதினாலு வருஷம் கழிச்சும் ஷூப்பிடம் இருந்ததைவிடக் குறைவு! 640-க்கு 480 திரையில் புள்ளிக்கு ஒரு பைட் என்று வைத்தால் 3,07,200 பைட் வேண்டும். அடங்காது. அதனால் அந்த அளவில் பதினாறு நிறம்தான். 256 நிறம் வேண்டுமென்றால் 320-க்கு 200 என்று திரையைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கால கேம்களின் கட்டம் கட்டமான அழகை இன்று தேடித்தேடி ரசிக்கிறோம். அது பிறந்தது இந்தப் பெருக்கல் கணக்கில்.

அதே 1987-இல்தான் ஜிஃப் வந்தது. கம்ப்யூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட்டின் குழு உருவாக்கிய கோப்பு வடிவம். மோடம் மெதுவாக ஊர்ந்த காலம், படம் சின்னதாக இருந்தே தீரணும். ஜிஃப் சொன்ன பதில்: நிறத்தை விடு. ஒரு படத்துக்கு அதிகபட்சம் 256 நிறம். அதன்பின் மிச்சமிருப்பதை எதுவும் இழக்காமல் மடித்து வைக்க எல்இசட்டபிள்யூ என்ற முறை. லெம்பெல், ஸிவ் இருவரின் முறையை டெர்ரி வெல்ச் மேம்படுத்தி 1984-இல் வெளியிட்டது. திரும்பத் திரும்ப வரும் வரிசைகளுக்கு ஒரு சின்ன எண் கொடுத்து, அடுத்த தடவை அந்த எண்ணை மட்டும் எழுதுவது அதன் சாரம்.

அந்த முறைக்கு 1985-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்திருந்தது. அது கடைசியில் யுனிசிஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. 1994 டிசம்பர் கடைசியில், ஜிஃப் கோப்புகளை உருவாக்கும் மென்பொருள்களுக்கு உரிமம் வாங்க வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. ஏழு வருடமாக எல்லோரும் பொதுச்சொத்து என்று நினைத்துப் புழங்கிய பாதையில் திடீரென்று ஒரு சுங்கச்சாவடி. கோபம் கொதித்தது. 1995 ஜனவரி முதல் வாரத்திலேயே தாமஸ் பூட்டெல் மாற்று வடிவம் ஒன்றின் வரைவை இணையக் குழுவில் போட்டார். உலகின் பல மூலைகளிலிருந்தும் நிரலாளர்கள் கூடித் திருத்தினார்கள். 1996 அக்டோபரில் அது டபிள்யூ3சியின் பரிந்துரையானது. அதுதான் பிஎன்ஜி. காப்புரிமைத் தொல்லை இல்லாத சுருக்கமுறை, 24 பிட் வண்ணம், ஸ்மித்தும் கேட்மலும் கண்டுபிடித்த அந்த ஆல்ஃபா. எதையும் இழக்காது. விலை, கோப்பின் அளவு. புகைப்படத்தை பிஎன்ஜியில் சேமித்தால் வீங்கிவிடும்.

புகைப்படத்துக்கான பதில் வேறு இடத்திலிருந்து வந்தது.

நாசிர் அகமது பெங்களூரில் 1940-இல் பிறந்தவர். அமெரிக்காவின் கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1972-இல் ஒரு யோசனையை எழுதி, நேஷனல் சயின்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஆராய்ச்சிப் பணம் கேட்டார். கிடைக்கவில்லை. மதிப்பீட்டாளர்களில் ஒருவர் இது ரொம்ப எளிமையாக இருக்கிறது என்ற பொருளில் எழுதியதாகப் பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். கோடை மாதங்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் 1973 கோடையில் அதிலேயே உட்கார்ந்தார். 1974 ஜனவரியில் டி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். நாலே பக்கம். டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம், சுருக்கமாக டிசிடி. 1992-இல் வந்த ஜேபெக் தரத்தின் இதயம் அதுதான்.

அது செய்வது இதுதான். படத்தை எட்டுக்கு எட்டு கட்டங்களாக வெட்டு. ஒரு கட்டத்தில் 64 புள்ளி, 64 வெளிச்ச அளவு. அந்த 64 எண்களுக்குப் பதிலாக வேறு 64 எண்களை எழுது. கச்சேரியில் கேட்கும் மொத்த ஓசையை தம்புரா இவ்வளவு, வயலின் இவ்வளவு, மிருதங்கம் இவ்வளவு என்று பிரித்து எழுதுவது மாதிரி. முதல் எண் கட்டத்தின் சராசரி வெளிச்சம். அடுத்தடுத்தவை மெதுவான ஏற்ற இறக்கங்கள். கடைசியில் வருபவை மிக நுண்ணிய அதிர்வுகள்: ஒரு முடி, ஒரு சுருக்கம், துணியின் நெசவு. இதுவரை எதுவும் தொலையவில்லை. திருப்பிப் போட்டால் பழைய 64 எண்ணும் வந்துவிடும்.

தொலைப்பது அடுத்த படியில். ஒவ்வொரு எண்ணையும் ஓர் அட்டவணையிலுள்ள எண்ணால் வகுத்து, முழு எண்ணாக்குகிறார்கள். மளிகைக்கடைக்காரர் பைசாவை விட்டுவிட்டு ரூபாயை மட்டும் எழுதுவது போல. தரத்தில் எடுத்துக்காட்டாகத் தரப்பட்ட அட்டவணையில் முதல் எண் 16, கடைசி எண் 99. அதாவது சராசரியை ஓரளவு கவனமாக வைத்துக்கொள், நுணுக்கத்தைத் தாராளமாக விடு. 99-ஆல் வகுத்தால் சின்ன எண்களெல்லாம் பூஜ்யம். நிறத்தில் இன்னும் தாராளம். நம் கண் வெளிச்சத்தின் விவரத்தைப் பிடிக்கும் அளவுக்கு நிறத்தின் விவரத்தைப் பிடிக்காது என்பதால், நாலு புள்ளிக்கு ஒரு நிறத் தகவல் போதும் என்று பெரும்பாலும் வைத்துவிடுகிறார்கள். 4000-க்கு 3000 புள்ளியுள்ள ஒரு செல்போன் படம் முழுசாக வைத்தால் 3.6 கோடி பைட். ஜேபெக்கில் அது மூன்று, நான்கு மெகாபைட்டில் முடிந்துவிடுகிறது. பத்தில் ஒன்பது பங்கு போயிருக்கும், நமக்கு வித்தியாசம் தெரியாது.

தெரியும் இடம் ஒன்று உண்டு. ஃபிளெக்ஸ் கடை.

கொஞ்ச காலம் நான் ஒரு சின்ன ஊரில் ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் வேலை பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஆட்கள் நேரங்காலம் பார்க்காமல் வருவார்கள். ஒருநாள் விடிகாலை ஒருவர் வந்தார். அம்மா இறந்துவிட்டார். இருப்பது ஒரே படம், யாரோ கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. அதிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, நாலைந்து போன் கைமாறி வந்திருந்தது. கைமாறும் ஒவ்வொரு தடவையும் செயலிகள் படத்தைச் சுருக்கி, வேறொரு அட்டவணையால் மறுபடி வகுத்திருக்கும். முகம் இருந்த இடம் 150 புள்ளி அகலம்கூட இருக்காது. குழந்தை வால்டனைவிடக் குறைவு. அதைப் பத்தடி பேனரில் போட வேண்டும். பெரிதாக்கியதும் கன்னத்தில் அந்த எட்டுக்கு எட்டு கட்டங்கள் ஓடு பதித்த தரை மாதிரி எழுந்து நின்றன. மழுக்கினேன். கட்டம் மறைந்தது, முகம் பொம்மையானது.

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "அம்மாவுக்கு இந்த எடத்துல ஒரு மச்சம் இருக்கும் தம்பி, காணோமே" என்றார். நான் பழைய கோப்பைத் திறந்து காட்டினேன். அதிலும் இல்லை. எந்த போனில் எந்த வகுத்தலில் அது பூஜ்யமானதோ. "நீங்களே ஒரு புள்ளி வச்சிருங்க" என்று திரையைத் தொட்டுக் காட்டினார். வைத்தேன். இன்னும் கொஞ்சம் கீழே என்றார். நகர்த்தினேன்.

அட்டவணை தயாரித்தவர்கள் கண்ணுக்கு எது தெரியாது என்று சோதித்துப் பார்த்துத்தான் எண்களைப் போட்டார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் இணையத்தில் புகைப்படமே ஓடியிருக்காது. ஆனால் கண்ணுக்கு எது முக்கியம் என்று சராசரியாகச் சொல்லலாம், ஒரு மகனுக்கு எது முக்கியம் என்று சொல்ல முடியாது. மச்சம் என்பது கணக்கில் ஒரு நுண்ணிய அதிர்வு. முதலில் போவது அதுதான்.

இன்று அந்தப் படத்தைக் கொடுத்தால் ஏஐ மென்பொருள் சில நொடிகளில் கூர்மையாக்கித் தந்துவிடும். 1999-இல் என்விடியா ஜீஃபோர்ஸ் 256-ஐ ஜிபியு என்ற பெயரில் விற்கத் தொடங்கியது விளையாட்டுகளுக்காக. அதன் வாரிசுகள்தான் இன்று இந்த வேலையும் செய்கின்றன. தோலில் சுருக்கம் வரும், புருவத்தில் முடி வரும். ஆனால் அவை அந்த அம்மாவுடையவை அல்ல. ஆயிரக்கணக்கான வேறு முகங்களைப் படித்து, இங்கே இப்படித்தான் இருந்திருக்கும் என்று போட்ட ஊகம். பூஜ்யமானது பூஜ்யமானதுதான். மச்சம் வராது. வந்தாலும் வேறு யாருடையதாகவோ இருக்கும்.

அதனால் என் மாணவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டில் வயதானவர்களின் படங்கள் இருந்தால் மூலக் கோப்பைத் தேடி எடுத்து வையுங்க. அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்க. பழைய அச்சுப் படத்தை ஸ்கேன் செய்தால் டிஃப்பிலோ பிஎன்ஜியிலோ ஒரு பிரதி இருக்கட்டும். இடம் இன்று மலிவு. 30,976 புள்ளிக்கு மேல் வைக்க முடியாத காலத்தில் நாம் இல்லை.

கிர்ஷ் கடைசிவரை தன் முதல் படத்தோடு சமாதானமாகவில்லை. புள்ளியைச் சதுரமாக வைத்தது அப்போதைக்குச் சரியாகப்பட்டது, ஆனால் அது ஒன்றே வழியல்ல, அதன்பின் உலகமே அதில் மாட்டிக்கொண்டது என்று வருத்தப்பட்டார். எண்பது வயதைக் கடந்தபின், 2010-இல், சதுரத்தை விட்டு, படத்துக்கு ஏற்ப வெவ்வேறு வடிவப் புள்ளிகளாகப் பிரிக்கும் ஒரு நிரலை எழுதி, ஆய்விதழில் வெளியிட்டார். சோதித்துப் பார்க்க அவர் எடுத்துக்கொண்டது தன் மகனின் புதிய படம். வால்டனுக்கு அப்போது வயது 53.