புதுவைக் கரையின் புகையடுப்பு

புதுவை நகரிலிருந்து கடலோரமாக வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மரக்காணமே, நல்லூர் நத்தத்தனார் தமது சிறுபாணாற்றுப்படையில் வருணிக்கும் எயிற்பட்டினம் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய அபிப்பிராயம். அப்பட்டினத்து நுளையர் குலப் பெண், அலை கொணர்ந்து கரையில் ஒதுக்கிய வாசனை மரத்தை விறகாக்கி, புகை சூழ நெருப்பை மூட்டித் தேறல் வடிக்கிறாள். வழிநடந்து வரும் பாணர்க்குச் சுட்ட குழல்மீன் உலர்கறி விருந்தாகக் கிடைக்கிறது. அந்த நெருப்பிலேதான் மீன் சுடப்பட்டது என்று நூல் சொல்லவில்லையாயினும், மணமுள்ள விறகும் புகையும் உலர்ந்த மீனும் சங்க காலத்திலேயே இக்கரையில் ஒருங்கே இருந்தன என்பதற்கு இதைவிட அழகான சாட்சியம் வேண்டுவதில்லை.

அப்படியிருந்தும், மீனையும் இறைச்சியையும் புகையிட்டுக் காப்பது இங்கே ஒரு தனித்தொழிலாக ஏன் வளரவில்லை? சூரியன் மாதக்கணக்கில் முகம் காட்டாத வடதேசங்களில் புகைக்கூடம் ஜீவாதாரமாக இருந்தது. இங்கோ வீட்டு வாசலில் வெயிலும், மரக்காணத்து அளங்களில் உப்பும் குறைவின்றிக் கிடைத்தமையால், வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் முதலிய புதுவை மீனவர் குப்பங்களில் கருவாடு மணலிலேயே காய்ந்துவிட்டது. விறகைச் செலவிட வேண்டிய அவசியம் எழவில்லை. உப்பிட்டுக் காத்த மீனின் சுவையை இக்கரை அறிந்த காலமும் நெடியது. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த, புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் கிடைத்த மத்தியதரைக் கடல் நாட்டுச் சாடிகளில் மதுவும் எண்ணெயும் வந்த வகைகளோடு மீன்சாறு வந்த வகையும் உண்டு. பிற்காலத்தில், 1815, 1818-ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் பிரெஞ்சுக்காரர் தம் எல்லையில் உப்பு விளைவிக்கும் உரிமையை ஈட்டுத்தொகை பெற்றுக்கொண்டு ஆங்கிலேயர்க்கு விட்டுக்கொடுத்தனர். கண்ணெதிரே கடலிருந்தும் உப்பு பிறர் கைச்சரக்காகிவிட்ட அந்த நிலையை நினைக்க இன்றும் மனம் கசக்கிறது.

ஆயினும் வெயில் கைவிடும் பருவம் ஒன்று நமக்கும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காப்பாற்றியது அடுப்பங்கரைப் பரண். அடுப்புக்கு நேர்மேலே மூங்கில் பிளாச்சுகளால் இடைவெளி விட்டுக் கட்டிய அந்தப் பரணில், கயிற்றில் கோத்த உப்புக்கண்டமும், விதைக்கென்று ஒதுக்கிய கதிர்களும், பானையிலிட்ட புளியும், நாள்தோறும் சோறு வேகும்போது எழும் புகையிலேயே ஈரம் வற்றிப் பூச்சி அண்டாமல் கிடந்தன. மூங்கிலில் கரி பளபளவென்று ஏறியிருக்கும். கண்டத்தின் மேற்புறம் கறுத்து இறுகி, அறுத்தால் உள்ளே செந்நிறம் தெரியும். தனியாக விறகு செலவில்லை, தனியாக ஆளும் தேவையில்லை.

இதைவிட நுட்பமான அமைப்பு வாழைத்தார் மூட்டம். தார்களைக் குழியிலோ சிற்றறையிலோ அடுக்கி, வாழைச்சருகால் போர்த்தி, மண்ணால் சந்துகளைப் பூசி, அடியில் துளையிட்ட பானையில் வைக்கோலை நிரப்பிக் கொளுத்தி, அதன் வாய்வழியே ஊதினால், துளைவழியாகப் புகை மாத்திரம் உள்ளே செல்லும், சுவாலை செல்லாது. புகையிலுள்ள எத்திலீன் வாயுவால், கோடையில் ஒரு நாளிலும் குளிர்காலத்தில் இரண்டு நாளிலும் காய் பழுத்துவிடும். நெருப்பு வேறிடம், பண்டம் வேறிடம், இடையே புகைக்கு ஒரு வழி என்னும் இந்த ஏற்பாடுதான், இன்று மேல்நாட்டார் வீட்டுத் தோட்டங்களில் தகரப் பீப்பாயை அறுத்துச் செய்துகொள்ளும் புகையடுப்புக்கும் மூலதத்துவம்.

மீனுக்கென்றே புகையைப் பயன்படுத்திய அயலார் தெற்கே இருந்தனர். 14-ஆம் நூற்றாண்டில் மாலைத்தீவில் காஜியாக இருந்துவிட்டு மதுரை சுல்தானிடம் வந்த யாத்திரிகர் இபின் பதூதா, அத்தீவினர் மீனை நான்காக அரிந்து, இலேசாக வேகவைத்து, ஓலைக்கூடைகளில் இட்டுப் புகையில் தொங்கவிட்டதை எழுதிவைத்திருக்கிறார். சூரை மீனிலிருந்து செய்யும் அந்த மாசி, இன்றும் தூத்துக்குடியிலும் இலங்கையிலும் சம்பலுக்கு உயிர்.

ஆகவே, புதுவையில் புகையடுப்பு கட்ட விரும்புகிறவர் பழைய பீப்பாயைத் தேடி அலைய வேண்டாம். அதன் உட்பூச்சும் துத்தநாகப் பூச்சும் சூட்டில் நச்சு கக்கும். சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூரில் குயவரிடம் சொல்லி, அரிக்கமேட்டுக் கிணறுகளில் கண்டதைப் போன்ற உறைகள் மூன்றைச் செய்து வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் களிமண்ணால் பூசுங்கள். சற்றுத் தள்ளி ஒரு குழி வெட்டி, ஓடு மூடிய வாய்க்காலால் அதை அடியுறையோடு இணையுங்கள். குழியில் இலேசாக ஈரம் தெளித்த தேங்காய் மட்டையைக் கனலவிட்டு, உச்சியில் மூடியைச் சிறிதே திறந்து வையுங்கள். உப்பிட்டு, மேற்பரப்பு உலரும்வரை காற்றாட விட்ட மீனை மாத்திரமே உள்ளே தொங்கவிடுங்கள். ஈரமீன் புகையைப் பிடிக்காது, கரியைத்தான் பிடிக்கும்.