லாடம் போன வழி

வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் கேம்ப்ரியன் மலைகள் என்றொரு மேட்டுநிலம் இருக்கிறது. மிரட்டுகிற சிகரங்கள் கிடையாது. புல், சதுப்பு, செம்மறியாடு, மழை, அவ்வளவுதான். மனித நடமாட்டம் குறைவு என்பதால் 'பச்சைப் பாலைவனம்' என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. 1972இல் இதைத் தேசியப் பூங்காவாக்க முயன்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த ஆண்டே அரசு அதைக் கைவிட்டது. அதனால் கூட்டமும் வரவில்லை. மலைச் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? நான் பர்மிங்ஹாமில் வசிப்பவன். சனி ஞாயிறு வானம் கொஞ்சம் வெளுத்தால் போதும், சைக்கிளைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

சுற்றச் சுற்ற ஒரு விஷயம் உறைத்தது. நான் ஓட்டுகிற பாதைகளில் ஏறக்குறைய எதுவுமே சைக்கிளுக்காகப் போட்டதில்லை. வேறு யாரோ, வேறு எதற்காகவோ போட்டது. போட்டவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். அப்படியானால் இப்போது இதில் போகிற உரிமை யாருக்கு? ஏதோ வக்கீல் கேள்வி மாதிரித் தோன்றும். ஆனால் இந்த மலைகளின் எண்ணூறு வருட வரலாறு இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

முதலில் துறவிகள். ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடா என்ற சிஸ்டெர்சிய மடம் 1164இல் இந்த மலைகளின் மேற்குச் சரிவில் தொடங்கியது. கிழக்கே அபேகும்ஹிர் என்ற ஊரில் அதே சபையின் இன்னொரு மடம். இரண்டுக்கும் நடுவில் சதுப்பு மேட்டைக் குறுக்காகக் கடக்கும் பாதைக்கு இன்றைக்கும் 'துறவிகள் தடம்' என்றுதான் பெயர். மடங்களுக்கு ஆட்டுமந்தைகள் இருந்தன, கம்பளி வணிகம் இருந்தது. பதினாறாம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தார். கட்டடங்கள் இடிந்தன. தடம் மட்டும் கிடந்தது.

அடுத்து மாடுகள். லண்டனுக்கு மாட்டிறைச்சி வேண்டும். வேல்ஸ் மலையில் கறுப்பு மாடுகள் இருந்தன. நூற்றுக்கணக்கான மாடுகளைச் சேர்த்து, வாரக்கணக்கில் நடத்தியே இங்கிலாந்துச் சந்தைகளுக்குக் கொண்டுபோன தொழில்முறை மாட்டோட்டிகள் இருந்தார்கள். ட்ரெகாரனிலிருந்து அபர்குவெசின் போகிற மலைவழி அவர்கள் போட்டதுதான். மாட்டுக்கு லாடம் அடித்துத்தான் கூட்டிப்போவார்கள். பிளவுபட்ட குளம்பு என்பதால் ஒவ்வொரு காலுக்கும் இரண்டு துண்டு. நம்மூர் வண்டிமாட்டுக்கு லாடம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாத்துகளையும் நடத்திப் போனார்களாம். அவற்றின் காலைத் தாரிலும் பிறகு மணலிலும் முக்கி எடுப்பார்களாம், அதுதான் வாத்துக்குச் செருப்பு!

மாட்டோட்டிகள் ஊர்ப்பணத்தையும் சுமந்தார்கள். லண்டனில் கட்டவேண்டிய வாடகை, வரி எல்லாம் அவர்கள் கையில்தான் போகும். லாண்டவரியில் டேவிட் ஜோன்ஸ் என்பவர் 1799இல் தொடங்கிய வங்கிக்குக் 'கறுப்பு எருது வங்கி' என்றே பெயர். அதன் நோட்டில் எருது படம் இருக்கும். 1909இல் அது லாயிட்ஸ் வங்கியோடு சேர்ந்தது.

நல்ல சாலை கீழே பள்ளத்தாக்கில் இருந்தபோதும் இவர்கள் ஏன் மேட்டில் ஏறினார்கள்? ஒரு காரணம் சுங்கம். கீழ்ச்சாலைகளில் கேட் போட்டுத் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தார்கள். வேல்ஸ் விவசாயிகள் 1839க்கும் 1843க்கும் இடையில் பெண்வேடமிட்டு இரவில் வந்து அந்தக் கேட்டுகளை உடைத்த 'ரெபெக்கா கலவரம்' இதே கோபத்தின் உச்சம். மலையில் கேட் கிடையாது. ஏறுகிற தெம்பு இருந்தால் போதும், காசு வேண்டாம். பிறகு ரயில் வந்தது. நடந்து மூன்று வாரம் ஆன பயணம் ஒரே நாளில் முடிந்தது. மாட்டோட்டித் தொழில் படுத்துவிட்டது, பாதையில் புல் முளைத்தது.

மூன்றாவது, தண்ணீர். இது எனக்குக் கொஞ்சம் நெருக்கமானது. என் வீட்டுக் குழாயில் வருவது இந்த மலைத் தண்ணீர். 1892இல் பர்மிங்ஹாம் மாநகராட்சி தனிச்சட்டம் ஒன்றை நிறைவேற்றிக்கொண்டு எலான் பள்ளத்தாக்கை வாங்கியது. 1893இல் அணை வேலை தொடங்கியது, 1904 ஜூலையில் மன்னர் ஏழாம் எட்வர்டு திறந்துவைத்தார். பம்பு எதுவும் இல்லாமல், வெறும் சரிவை நம்பி 117 கிலோமீட்டர் தண்ணீர் ஓடி வருகிறது. ஆனால் பள்ளத்தாக்கில் இருந்த சுமார் 100 பேர் வெளியேற வேண்டியிருந்தது. நிலம் சொந்தமாக இருந்தவர்களுக்கு மட்டும் இழப்பீடு. குத்தகைக்காரருக்கு ஒன்றுமில்லை. தேவாலயமும் பள்ளிக்கூடமும் வீடுகளும் தண்ணீருக்குள் போயின.

இதே சட்டத்தில் ஒரு விசித்திரம் உண்டு. நீர்ப்பிடிப்புப் பகுதி சுத்தமாக இருக்கவேண்டும் என்று சுற்றியுள்ள மலையையும் மாநகராட்சி வாங்கியது. கூடவே, அங்கே வேலியிடாத நிலத்தில் பொதுமக்கள் காற்று வாங்கவும் உலாவவும் உரிமை உண்டு என்று ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். ஊரை மூழ்கடித்த சட்டம்தான் மலையைத் திறந்தும் விட்டது. அணை கட்டக் கல் கொண்டுவர மாநகராட்சி போட்ட ரயில்பாதை இருந்த தடம் இன்று சைக்கிள் பாதை. குழந்தைகள்கூட ஓட்டலாம்.

சரி, சைக்கிள்காரன் எப்போது வந்தான்? 1919 மார்ச் கடைசியில், முதல் உலகப்போர் முடிந்து நான்கே மாதத்தில், 'வேஃபேரர்' என்ற புனைபெயரில் எழுதிய டபிள்யூ. எம். ராபின்சன் நண்பர்களோடு வடக்கே உள்ள பெர்வின் மலையைப் பனியில் சைக்கிளுடன் கடந்தார். பாதி தூரம் சைக்கிள்தான் அவர்கள்மேல் ஏறிப் போயிருக்கும்! அதைப் பற்றி 'சைக்கிளிங்' இதழில் அவர் எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பு, பதுங்குகுழியிலிருந்து எகிறித் தாக்கப் போவதற்குப் படைவீரர்கள் சொன்ன சொல். கட்டுரை பெரும் புகழ் பெற்றது. அந்த வழிவந்தவர்கள் 1955இல் எல்லைக்கு அப்பால் லெம்ஸ்டர் என்ற ஊரில் ஒரு விடுதியில் கூடி 'ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கரடுமுரடுப் பாதைக்கென்றே ஒரு சைக்கிள் சங்கம். மலைச் சைக்கிள் என்ற பொருளே அப்போது கிடையாது. சாதாரணச் சைக்கிள், முதுகில் ஒரு பை, பிளாஸ்க்கில் டீ.

அவர்களுக்கு உரிமை இருந்ததா? சந்தேகம்தான். 1949இல் வந்த சட்டம், ஒவ்வொரு மாவட்ட மன்றமும் தன் பகுதிப் பொதுவழிகளை வரைபடமாக்க வேண்டும் என்றது. ஊருக்கு ஊர் கணக்கெடுத்தார்கள். இது நடைபாதை, இது குதிரைப்பாதை என்று கோடு போட்டார்கள். யார் கணக்கெடுத்தார், எவ்வளவு அக்கறையாக எடுத்தார் என்பதைப் பொறுத்துக் கோடு மாறியது. ஒரே பாதை ஓர் ஊர் எல்லைவரை குதிரைப்பாதையாக வந்து, எல்லை தாண்டியதும் நடைபாதையாகிவிடும். குதிரை அங்கே என்ன செய்யுமோ தெரியாது! சைக்கிளுக்கு இரண்டிலும் தெளிவான இடமில்லை.

1968இல்தான் சைக்கிள் குதிரைப்பாதையில் போகலாம் என்று கிராமப்புறச் சட்டம் சொன்னது. நடப்பவருக்கும் குதிரைக்காரருக்கும் வழிவிட வேண்டும். இன்னொரு வரியும் உண்டு: சைக்கிள் ஓடுவதற்கு ஏற்றபடி பாதையைச் சீராக்கும் கடமை யாருக்கும் கிடையாது. அதாவது போகலாம், ஆனா சேறா இருக்கு, கல்லா இருக்குன்னு கேட்கக்கூடாது. எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்த இடமே இதுதான். கலிஃபோர்னியாவில் மலைச் சைக்கிள் உருவாகி, இங்கே கடைக்கு வந்தது எண்பதுகளில். வண்டி வருவதற்கு முன்பே உரிமை வந்து காத்துக்கொண்டிருந்தது.

வண்டி வந்தபின் என்ன ஆனது என்பதற்கு லான்ருட்டிட் வெல்ஸ் ஊரே சாட்சி. அங்கே 1980 முதல் மனிதனுக்கும் குதிரைக்கும் மலையோட்டப் போட்டி நடக்கிறது, விடுதிக்காரர் ஒருவர் காதில் விழுந்த வாக்குவாதத்தில் பிறந்த யோசனை. சில ஆண்டுகள் சைக்கிளையும் சேர்த்தார்கள். 1989இல் டிம் கோல்ட் சைக்கிளில் குதிரையை முந்தினார். காலால் ஓடிய மனிதன் குதிரையை வெல்ல 2004வரை ஆனது.

வண்டி என்றால் எல்லா வண்டியும் ஒன்றல்ல. துறவிகள் தடத்தில் மோட்டார் சைக்கிளும் ஜீப்பும் ஏறி, சதுப்பை உழுது, இடுப்பளவு பள்ளமாக்கின. எண்ணூறு வருடம் தாங்கிய தடம் சில பத்தாண்டுகளில் நைந்தது. கடைசியில் மோட்டார் வண்டிகளைத் தடைசெய்ய வேண்டிவந்தது. சைக்கிள் டயரும் புண்ணியாத்மா இல்லை. ஈரக் கரியில் ஒரே கோட்டில் நூறு பேர் போனால் அது வாய்க்கால்தான்.

போன இலையுதிர்காலத்தில், அப்படி ஓர் ஊர் எல்லையில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். கேட்டருகே வயதான விவசாயி ஒருவர் நின்றிருந்தார். அவர் சொன்னதை நம் பேச்சில் சொன்னால்: "எதுக்குங்க தள்றீங்க?"

"மேப்புல இது நடைபாதைங்க ஐயா."

"எங்க தாத்தா இதுலதான் குதிரை வண்டி ஓட்டுனாரு. மேப்பு போட்டவருக்கு அது தெரியாது. ஏறிப் போங்க. கேட்டை மட்டும் இருந்தபடியே விட்டுட்டுப் போங்க."

அந்த மனிதரின் ஞாபகம் சட்டப்படியும் வெறும் ஞாபகம் இல்லை. பலவந்தம் செய்யாமல், ஒளிந்து போகாமல், அனுமதி கேட்காமல் 20 ஆண்டு மக்கள் ஒரு வழியில் போய்வந்தால், தடுத்ததற்குச் சான்று இல்லாதபட்சத்தில், அது பொதுவழி என்று கொள்ளலாம். சைக்கிள் போனதும் அந்தக் கணக்கில் சேரும். பழைய ஆவணம் கிடைத்தால் நடைபாதையைக் குதிரைப்பாதையாக உயர்த்தக் கோரலாம். அதனால்தான் இந்த நாட்டில் சில ஓய்வூதியக்காரர்கள் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய வரைபடங்களைப் பூதக்கண்ணாடியால் துழாவிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். தாத்தா வண்டி ஓட்டியதைச் சொல்ல அந்தப் பேரனும் இல்லாமல் போனால், எல்லைக்கு அப்பால் அது நடைபாதையாகவே நின்றுவிடும்.

இங்கே ஓட்ட வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கிளேர்வென் அணையில் தொடங்குங்கள், நீர்க்கரையோரச் சரளைப் பாதையில் மேற்கே போய் டெய்ஃபி ஏரிகளைத் தாண்டி ஸ்ட்ராட்டா ஃப்ளோரிடாவில் இறங்குங்கள். அணை, மேய்ச்சல் நிலம், மடம் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். துறவிகள் தடத்தை மழைமாதங்களில் விட்டுவிடுங்கள். போய்வந்த தேதியையும் வழியையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். யாராவது கேட்கும் நாளில் அது சாட்சியாகலாம்.