சபைக்கு வெளியே நடந்த வாதம்: சென்னைக் கிறிஸ்தவப் பொதுநிலையினரும் மீட்பு பற்றிய கேள்வியும்

அடையாற்றையொட்டிச் சின்னமலையும் கடலோரத்தில் சாந்தோமும் அமைந்திருப்பதால், தென்சென்னையின் கிறிஸ்தவ வரலாறு என்றவுடன் அப்போஸ்தலர் தோமா பற்றிய மரபும், போர்த்துகீசியர் 1516இல் எழுப்பிய லஸ் தேவாலயமுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. ஆலயங்களின் வரலாறு பேசப்பட்ட அளவுக்கு, அந்த ஆலயங்களுக்குள்ளும் வெளியிலும் விசுவாசிகள் தங்களுக்குள் எதைப் பற்றி வாதித்தார்கள் என்பது பேசப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1938 வரை இந்நகரில் நடந்த ஒரு நீண்ட உரையாடலை இக்கட்டுரை தொடர்கிறது. மருத்துவரும் வழக்கறிஞரும் நீதிபதியுமாக இருந்த பொதுநிலையினர், அதாவது குருத்துவப் பட்டம் பெறாத சாதாரண விசுவாசிகள், அந்த உரையாடலை முன்னின்று நடத்தினர் என்பதும், சபையை யார் ஆள்வது என்ற கேள்வியில் தொடங்கிய அது, மீட்பு என்பதே என்ன என்ற கேள்வியில் போய் நின்றது என்பதும் இங்கே நிறுவப்படும் கருத்துகள். மீட்பு என்று இங்கே குறிக்கப்படுவது, சீர்திருத்த சபையார் இரட்சிப்பு என்று வழங்கும் கோட்பாடு; கிறிஸ்துவின் வழியாக மனிதன் பாவத்திலிருந்து விடுபட்டுக் கடவுளோடு ஒப்புரவாவதை அது உணர்த்தும்.

வேதநூலைப் பற்றிய வாதம் இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714-15இல் அச்சேறியது. வேப்பேரியில் பணியாற்றிய பப்ரிசியுஸ் அதைத் திருத்தி, 1772இல் தம் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். அந்த மொழிபெயர்ப்பு இரண்டு தலைமுறைகளின் செபத்திலும் மனப்பாடத்திலும் ஊறிப்போன பிறகு, மிஷனரி இரேனியுஸ் அதை எளிய நடையில் மீண்டும் திருத்த முற்பட்டார். அப்போது தஞ்சைக் கிறிஸ்தவப் புலவர் வேதநாயக சாஸ்திரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும் 1820-களில் கடுமையாக எதிர்த்தார்கள். புதிய மிஷனரிகள் வேதநூலில் மட்டுமன்றிப் பாடல்களிலும் ஆலய வழக்கங்களிலும் கைவைத்ததால், அந்த எதிர்ப்பில் சாதி வழக்கத்தைக் காக்கும் முனைப்பும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வேதநூல் மிஷனுக்கு உரியதா, அதை ஓதி வாழும் சபையாருக்கு உரியதா என்று தமிழ்க் கிறிஸ்தவர்கள் உரத்துக் கேட்ட முதல் சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

மீட்பைப் பற்றித் தமிழில் விரிவாகச் சிந்தித்தவர்களில் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை தனித்து நிற்கிறார். திருநெல்வேலிச் சீமையின் வைணவ வேளாளர் குடும்பத்தில் 1827இல் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்த அவர், 1858இல் மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார். ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையை அடியொற்றி அவர் இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலாக வெளிவந்தது. மீட்பைக் கம்பனின் காப்பிய மரபிலும் ஆழ்வார்களின் பக்தி மரபிலும் நின்று சொல்ல முடியும் என்பதை அந்நூல் காட்டியது. ஆனால் மீட்பின் உள்ளடக்கத்தில் அவர் மாற்றம் எதுவும் செய்யவில்லை. மனிதனின் பாவம், கிறிஸ்துவின் பதிலாள் பலி, விசுவாசத்தால் கிடைக்கும் மன்னிப்பு என்ற சீர்திருத்த சபைப் போதனையே அவருடைய நூல்களில் முழுமையாக நிற்கிறது. உள்ளடக்கத்தையே கேள்விக்குட்படுத்தும் துணிவு அடுத்த தலைமுறைக்குத்தான் வந்தது.

அதற்கான வெளியைத் திறந்தவர் ஒரு மருத்துவர். ஆங்கில ஆவணங்களில் புல்னி ஆண்டி என்று குறிக்கப்படும் பழனியாண்டி, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் 1860இல் எம்.டி. பட்டம் பெற்று, அரசின் மருத்துவப் பணியில் இருந்தவர். 1886 செப்டம்பர் 12 அன்று சென்னையில் அவர் தேசிய சபையைத் தொடங்கினார். ஆங்கிலிக்கன், லுத்தரன், மெதடிஸ்ட் என்ற பிரிவுகள் ஐரோப்பிய வரலாற்றின் சண்டைகளிலிருந்து பிறந்தவை என்பதும், அவற்றை இந்திய விசுவாசிகள் சுமக்க வேண்டிய கடமை இல்லை என்பதும், அயல்நாட்டுப் பணத்தை நம்பாமல் இந்தியர்களே நடத்தும் ஒரே சபை வேண்டும் என்பதும் அவருடைய வாதங்கள். அரசாங்கத்திலோ மிஷனிலோ சம்பளத்தை எதிர்பார்த்திருந்த பலர் அதில் சேரத் தயங்கியதால் அச்சபை பெரிதாக வளரவில்லை. அவருக்குப் பின் அது மெல்ல மறைந்தது. எனினும் குருத்துவப் பட்டம் பெறாத ஒருவர் சபையின் அமைப்பைப் பற்றி மிஷனரிகளுக்குச் சமமாக நின்று வாதிடலாம் என்ற முன்னுதாரணம் நிலைத்தது.

வாதம் ஆழம் பெற்ற இடம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. தாம்பரத்துக்கு 1937இல் இடம்பெயரும் வரை உயர்நீதிமன்றத்துக்கு எதிரே ஜார்ஜ் டவுனில் இயங்கிய அக்கல்லூரியை உருவாக்கிய வில்லியம் மில்லர், மாணவர்களை உடனே மதம் மாற்றுவதைவிடக் கிறிஸ்தவச் சிந்தனை இந்தியச் சமூகத்தில் மெல்லப் பரவுவதே கல்வியின் பணி என்று கருதினார். அங்கே மெய்யியல் கற்பித்த ஏ. ஜி. ஹாக், வேதாந்தத்தின் அறவியல் பற்றி 1908இல் ஆய்வேடு எழுதிய இராதாகிருஷ்ணனின் ஆசிரியர். கன்மக் கோட்பாட்டையும் மீட்பையும் எதிரெதிரே வைத்து ஹாக் எழுதிய நூல் 1909இல் வெளிவந்தது. கன்மத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதே அக்காலப் பிரசங்கிகளின் வழக்கம். ஹாக் அதற்கு உடன்படவில்லை. வினைக்கேற்ற பயன் தப்பாது என்ற நம்பிக்கையில் ஆழ்ந்த அறவுணர்வு இருப்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் உலகம் ஒரு நீதிமன்றமாக மட்டும் இயங்குமானால், ஒருவன் படும் துன்பம் முழுவதும் அவனுக்குரிய தண்டனையே என்றாகிவிடும். அங்கே ஒருவர் துன்பத்தை மற்றவர் அன்பினால் ஏற்பதற்கு இடமே இராது. அந்த இடத்தில்தான் சிலுவையின் பொருள் தொடங்குகிறது என்று அவர் வாதிட்டார். எதிர்த்தரப்பை அதன் வலுவான வடிவத்தில் எடுத்துக்கொண்டு பேசிய இந்த முறை, சென்னை விவாதத்துக்கு ஒரு தரத்தை அளித்தது.

அக்கல்லூரியில் பயின்ற இருவர் இவ்வரலாற்றின் நடுவில் நிற்கிறார்கள். 1880இல் பிறந்த வெங்கல் சக்கரை செட்டியார் 1903இல் திருமுழுக்குப் பெற்றவர். வழக்கறிஞராகத் தொடங்கி, டேனிஷ் மிஷனில் நற்செய்திப் பணியாளராக இருந்து, விடுதலை இயக்கத்திலும் தொழிற்சங்க இயக்கத்திலும் ஈடுபட்டு, 1941இல் சென்னை மேயரானவர். 1886இல் பிறந்த பாண்டிபெத்தி செஞ்சையா, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் தலைமை நீதிபதியாகப் பணியாற்றியவர். ‘கிறிஸ்தோ சமாஜ்’ என்ற பெயரில் சென்னையில் கூடிய சிறு வட்டத்திலிருந்து இவர்களின் எழுத்து வளர்ந்தது. 1920-களில் அவதாரக் கோட்பாட்டைக் கொண்டு கிறிஸ்துவை விளக்கிய சக்கரை, இந்து மரபின் அவதாரங்கள் காரியம் முடிந்ததும் மறைபவை என்றும், இயேசுவின் மனுவுருவோ உயிர்த்தெழுதலுக்குப் பின்னும் நிலைத்து, தூய ஆவியாக விசுவாசியின் உள்ளத்தில் தொடர்ந்து செயல்படுவது என்றும் எழுதினார். கிறிஸ்து யார் என்பதற்கான சான்று விசுவாச அறிக்கைகளில் முடிந்துவிடவில்லை, விசுவாசியின் அனுபவத்தில் தொடர்கிறது என்பது இதன் உட்கிடை.

பாளையங்கோட்டையில் பிறந்த ஏ. ஜே. அப்பாசாமி இதே காலத்தில் வேறொரு வழியில் நடந்தார். யோவான் நற்செய்தியையும் பக்தி இலக்கியத்தையும் ஒப்பிட்டு ஆக்ஸ்போர்டில் ஆய்வு செய்த அவர், கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கும் நூலை 1927இலும், மோட்சம் என்பது என்ன என்று ஆராயும் நூலை 1931இலும் வெளியிட்டார். சீவன் பிரமத்தில் கரைந்துபோவதை மோட்சம் என அவர் ஏற்கவில்லை. இராமானுசரின் வழியையொட்டி, தனித்தன்மை அழியாமல் அன்பினால் கடவுளில் நிலைத்திருப்பதே மோட்சம் என்றும், அது சாவுக்குப் பின் மட்டுமன்றி இவ்வாழ்விலேயே தொடங்குவது என்றும் கொண்டார். தமிழ் வாசகருக்கு இம்மூவரில் மிக நெருக்கமாக வரக்கூடியவர் அப்பாசாமியே. மாணிக்கவாசகரைப் படித்த உள்ளத்துக்கு அவருடைய இறையியல் அந்நியமாகப் படாது.

ஆனால் மீட்பின் உள்ளடக்கத்தைத் துணிந்து மாற்றியவர் செஞ்சையா. பாவமன்னிப்பும் கடவுளோடு ஒப்புரவும் நற்செய்தியின் தொடக்கமேயன்றி அதன் முழுமை அல்ல என்பது அவருடைய நிலைப்பாடு. இயேசுவில் படைப்பு ஒரு புதிய கட்டத்தை எட்டியது. ஆதாமின் வழிவந்த மனிதனைப் பழுதுபார்ப்பதற்காக மட்டும் அவர் வரவில்லை, புதிய மனிதகுலம் ஒன்றின் முதல்வராக வந்தார். தூய ஆவி அந்தப் புதிய படைப்பை இயக்கும் ஆற்றல். கும்பகோணத்தைச் சேர்ந்த மாஸ்டர் சி. வி. வி. கற்பித்த யோகத்தில் செஞ்சையா கொண்டிருந்த ஈடுபாடும், படைப்புப் பரிணாமம் பற்றிய பிரெஞ்சு மெய்யியலாளர் பெர்க்சனின் சிந்தனையும் இக்கருத்துக்குப் பின்னால் இருக்கின்றன. சபை, விசுவாச அறிக்கை, சடங்கு ஆகியவற்றைக் கடந்து கிறிஸ்துவை நேரடியாகச் சந்திக்க வேண்டும் என்று வற்புறுத்திய அவர், பழைய ஏற்பாட்டின் வழியாக மட்டுமே இந்தியர் கிறிஸ்துவிடம் வர வேண்டும் என்பதையும் ஏற்கவில்லை. இக்கடைசிக் கருத்தில் ஒரு பலவீனம் உண்டு. எகிப்திலிருந்து விடுதலையான அடிமைகளின் கதையையும், ஏழைகளுக்காக வழக்காடிய தீர்க்கதரிசிகளையும் விலக்கிவிட்டால், இயேசு அறிவித்த இறையாட்சிக்கு உரிய வேரே அறுந்துபோகும்.

1938 டிசம்பரில் சர்வதேச மிஷனரி மன்றத்தின் மாநாடு தாம்பரத்தில் கூடியது. அதற்கென்றே டச்சு அறிஞர் ஹென்ட்ரிக் கிரேமர் எழுதிய நூல், கிறிஸ்துவில் வெளிப்பட்ட கடவுளின் செயலுக்கும் மனிதர் வளர்த்த சமயங்களுக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்று வாதிட்டது. கிறிஸ்தவச் சமயம்கூட, மனித அமைப்பு என்ற அளவில், அதே தீர்ப்புக்கு உட்பட்டது என்று கிரேமர் சேர்த்துக்கொண்டார். இதற்கு எதிர்வினையாகச் சென்னையில் ஏ. என். சுதரிசனம் வெளியிட்ட தொகுதியில் செஞ்சையா, சக்கரை, ஜி. வி. ஜாப், டி. எம். தேவசகாயம், எட்டி ஆசீர்வாதம், சுதரிசனம் ஆகியோருடன், திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவியவர்களில் ஒருவரான மருத்துவர் எஸ். யேசுதாசனும் எழுதினார். இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனைக்கு உள்ளாக்குவதே நோக்கம் என்பதைத் தலைப்பிலேயே அறிவித்த அந்நூலால், இவர்கள் பின்னர் மறுசிந்தனைக் குழுவினர் என்றே அழைக்கப்பட்டனர். கிரேமரின் நூலைச் செஞ்சையா விரிவாக மறுத்தார்: இந்து மரபைத் தன் தாய்ப்பாலோடு பெற்ற ஒருவருக்கு, அதைக் கிறிஸ்துவுக்கு முற்றிலும் வெளியே நிற்பதாகப் பார்ப்பது இயலாது, அந்த மரபு அவருடைய ஆன்மிக உடலின் ஒரு பகுதி. ஹாக்கும் கிரேமரோடு உடன்படவில்லை. சமயங்கள் என்ற அமைப்புகள் வேறு, அவற்றுக்குள் வாழும் மனிதரின் விசுவாசம் வேறு என்று பிரித்துக் காட்டிய அவர், கிறிஸ்தவரல்லாத ஒருவரின் செபத்திலும் உண்மையான இறையுறவு இருக்கக் கூடும் என்றார். பிற சமயங்களைப் பற்றிப் பின்னாளில் உலகக் கிறிஸ்தவம் நடத்திய விவாதங்கள் தாம்பரத்துக்கே திரும்பத் திரும்ப வந்தன என்பது, சென்னையில் எழுந்த மறுப்பின் எடையைக் காட்டும்.

இந்த எழுத்துகளில் ஒரு பெரிய மௌனமும் இருக்கிறது. அம்பேத்கர் 1935இல் இந்து சமயத்திலிருந்து விலகப்போவதாக அறிவித்திருந்தார். தமிழகச் சபைகளில் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். ஆயினும் மறுசிந்தனைக் குழுவினர் உரையாடத் தேர்ந்தெடுத்த இந்து மரபு வேதாந்தமும் யோகமும் பக்தியுமாகவே இருந்தது. அந்த மரபின் பெயரால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு மீட்பு எதிலிருந்து வேண்டும் என்ற கேள்வி அவர்களின் எழுத்தில் மையம் பெறவில்லை. அவர்களின் முக்கிய நூல்கள் ஆங்கிலத்தில் அமைந்ததும் இந்த இடைவெளியை அகலமாக்கியது. சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, பழனியாண்டி கேட்ட சபை ஒற்றுமையில் ஒரு பகுதி நிறைவேறியது. சாதி பற்றிய கேள்வி அப்படியே இருந்தது.

அக்கேள்வியை இறையியலின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் அரவிந்த் நிர்மல். 1981இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அவர் ஆற்றிய உரையிலிருந்து தலித் இறையியல் என்ற இயக்கம் தொடங்கியதாகக் கொள்வது வழக்கம். பின்னர் சென்னைக் கீழ்ப்பாக்கத்தின் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அதற்கென அமைந்த துறைக்கு அவரே தலைமை ஏற்றார். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய, ‘பரட்டை’ என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, இவ்வாதத்தை ஆங்கிலக் கட்டுரையிலிருந்து நாட்டுப்புற மெட்டுக்கும் பேச்சுத் தமிழுக்கும் கொண்டுபோனார். பறையடித்துப் பாடக்கூடிய வழிபாட்டு முறை ஒன்றை அமைத்த அவர், மீட்பை விளக்க எடுத்துக்கொண்டது ‘ஒரு ஒலை’ என்ற கருத்து: எல்லோருக்கும் ஒரே உலையில் சோறு பொங்கி, சாதி பாராமல் சேர்ந்து உண்பது. செஞ்சையா புதிய படைப்பு என்று சொன்னதை அவர் மறுக்கவில்லை. அந்தப் படைப்பில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று கேட்டார்.