அஞ்சு வருஷக் கணக்கு யார் போட்டது?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு நம்பரோட வரலாறு பார்க்கப் போறோம். அந்த நம்பர் 5.

கேன்சர் சிகிச்சை முடிச்ச யார் வீட்டுல பேசினாலும் இந்த நம்பர் வந்துடும். "அஞ்சு வருஷம் தாண்டிட்டா பயமில்ல"ம்பாங்க. அந்த நாளை கேக் வெட்டிக் கொண்டாடறவங்க இருக்காங்க. யாருக்கும் சொல்லாம கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வர்றவங்களும் இருக்காங்க. சரி, இந்த அஞ்சை யார் முடிவு பண்ணது?

நம்ம ஊர்ல ஒரு காலத்துல இந்தக் கேள்விக்கே இடமில்ல. 1923-ல டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியோட தங்கை புற்றுநோயில இறந்துபோனாங்க. சென்னையில தனி கேன்சர் ஆஸ்பத்திரி வேணும்னு முத்துலட்சுமி அதுக்கப்புறம் பல வருஷம் போராடினாங்க. கேன்சர் வந்தா எப்படியும் சாகத்தானே போறாங்க, அதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரின்னு ஒரு அமைச்சரே கேட்டதா டாக்டர் சாந்தா பின்னாடி சொல்லியிருக்காங்க. பிழைக்கவே மாட்டாங்கன்னு முடிவு பண்ணிட்டா, எத்தனாவது வருஷம்னு யார் எண்ணப் போறாங்க?

1952-ல நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாசம் அடையாறுல 12 படுக்கையோட கேன்சர் இன்ஸ்டிட்யூட் திறந்தாங்க. முத்துலட்சுமியோட மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே இருந்தார். 1955-ல சாந்தா வந்து சேர்ந்தாங்க. 2021-ல இறக்கற வரைக்கும் அதுதான் அவங்க உலகம்.

இப்ப அந்த அஞ்சுக்கு வருவோம். 20-ம் நூற்றாண்டோட முதல் பாதியில மேற்கு நாட்டு சர்ஜன்களுக்கு ஒரு பிரச்சனை. ஆபரேஷன் பண்ணி அனுப்பறோம், அது உண்மையிலேயே வேலை செஞ்சுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ஒரு வருஷம் போதாது. இருபது வருஷம் காத்திருந்தா பதில் வர்றதுக்குள்ள டாக்டரே ரிட்டயர் ஆயிடுவார். நிறைய கேன்சர்கள் திரும்பி வந்தா முதல் சில வருஷத்துலயே வரும். அதனால அஞ்சு வருஷம் ஒரு வசதியான நடு அளவா நிலைச்சது. அதாவது, இது ஆஸ்பத்திரி தன் வேலைக்கு மார்க் போட்டுக்க வெச்ச அளவுகோல். நோயாளிக்குன்னு குறிச்சுக் கொடுத்த நல்ல நாள் இல்ல.

இதுல ஒரு பக் கூட இருக்கு. நம்ம பாஷையில சொன்னா, டைமர் எப்ப ஸ்டார்ட் ஆகுதுங்கறது முக்கியம். நோயை ரெண்டு வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்சு, ஆனா ஆள் இறக்கற தேதி மாறலைன்னா, வாழ்ந்த வருஷம் மட்டும் கணக்குல ரெண்டு கூடும். சீக்கிரம் கண்டுபிடிச்சதால உயிர் பிழைச்சவங்க நிஜமாவே நிறைய பேர். ஆனா இந்த ஒரு நம்பரை மட்டும் வெச்சு அதை நிரூபிக்க முடியாது.

சென்னையில இந்தக் கணக்கைப் போடறது இன்னும் கஷ்டம். 1981-ல ஐ.சி.எம்.ஆர். தேசிய புற்றுநோய் பதிவுத் திட்டத்தைத் தொடங்கினப்போ, சென்னைக்கான பதிவேடு அடையாறு இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்தது. இறப்புச் சான்றிதழை மட்டும் நம்ப முடியாது, பலதுல காரணமே சரியா இருக்காது. அதனால பதிவேட்டு ஊழியர்கள் தபால் போட்டாங்க, போன் பண்ணாங்க, வீடு தேடிப் போய்க் கதவைத் தட்டினாங்க. "அவங்க எப்படி இருக்காங்க?" இந்த ஒரு கேள்விக்காக. எங்க சேக்காடு, ஆவடியெல்லாம் ஆரம்பத்துல அந்த எல்லைக்கு வெளியில. பின்னாடிதான் பதிவு தமிழ்நாடு முழுக்க விரிஞ்சது.

நோயாளிங்க இந்தக் கணக்கைத் தங்க கைக்கு எடுத்துக்கிட்டது 80-கள்ல. ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன்னு ஒரு அமெரிக்க டாக்டர், அவரே கேன்சர்ல இருந்து மீண்டவர். பிழைச்சவங்க, பிழைக்காதவங்கன்னு ரெண்டா பிரிக்காதீங்க, இது பருவங்கள் மாதிரின்னு 1985-ல ஒரு கட்டுரை எழுதினார். முதல்ல சிகிச்சை, அடுத்து திரும்பி வந்துடுமோங்கற பயத்தோட காத்திருக்கற காலம், அப்புறம் மெதுவா ஒரு நிலையான வாழ்க்கை. நாள் எண்ணறதெல்லாம் பெரும்பாலும் அந்த நடுப் பருவத்துலதான்.

சிகிச்சை முடிஞ்சதும் மணி அடிக்கற வீடியோ பார்த்திருப்பீங்க. அது 1996-ல ஹூஸ்டன்ல எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில ஆரம்பிச்சது. இர்வ் லெமாய்ன்ங்கற கடற்படை அதிகாரி, கப்பல் வழக்கப்படி ஒரு பித்தளை மணியைக் கொண்டுவந்து அடிச்சுட்டு அங்கேயே விட்டுட்டுப் போனார். அடுத்த வருஷம் அவர் இறந்துட்டார். அதனால அந்த மணி பொய்யாயிடுமா? "நான் குணமாயிட்டேன்"னு அவர் அதை அடிக்கல. ஒரு வேலையை முடிச்சேன்னுதான் அடிச்சார்.

எங்க பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிஞ்சு இது நாலாவது வருஷம். தினமும் ஹார்மோன் மாத்திரை. அந்த வகை அஞ்சு வருஷத்துக்கு அப்புறமும் திரும்பலாம்னு டாக்டர் தெளிவா சொல்லியிருக்கார். பெரியம்மா ஞாபகம் வெச்சிருக்கற தேதிகளே வேற. முடி வளர்ந்து முதல் தடவை சடை பின்னி பூ வெச்ச நாள். துணைக்கு ஆள் இல்லாம ஆவடியில ரயிலேறி சென்ட்ரல் போன நாள். எந்தப் பதிவேட்டுலயும் இதுக்குக் காலம் கிடையாது.

நமக்கு இது புதுசும் இல்ல. எமன்கிட்ட இருந்து மார்க்கண்டேயன் தப்பிச்ச தலம்னு சொல்ற திருக்கடையூர்ல போய்த்தானே அறுபதாம் கல்யாணம் பண்றோம்? அறுபது முடிஞ்சா எழுபது, அப்புறம் எண்பது. சாவை ஜெயிச்சுட்டோம்னு யாரும் அங்கே மாலை மாத்திக்கறது இல்ல. இவ்வளவு தூரம் வந்திருக்கோம், அவ்வளவுதான்.

அதனால அஞ்சாவது வருஷம் வந்தா தாராளமா கொண்டாடுங்க, ஆனா அதோட செக்கப்பை நிறுத்திடாதீங்க. அந்த நாள் வரைக்கும் காத்திருக்கணும்னும் இல்ல. வீட்டுல யாராவது சிகிச்சையில இருந்தா, "முழுசா சரியாயிடுச்சா?"ன்னு கேக்கறதுக்குப் பதிலா, அவங்க எந்த நாளை எண்ணிட்டு இருக்காங்கன்னு கேளுங்க. நமக்குத் தெரியாத ஒரு தேதியைச் சொல்வாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.